ஆறு மணிக்கு வரிசையில் நின்ற கூடைகள்

வாக்குச்சாவடி வரிசையில் ஒரு மீன்கூடை இருந்தால், அதை வைத்துவிட்டுப் போனவர் வரிசையில் நிற்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கடந்த சட்டமன்றத் தேர்தலன்று இந்தக் கேள்விக்கு நான் நின்ற இடத்திலேயே பதில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அது சரியான பதிலா என்று இன்றுவரை தெரியவில்லை. சட்டம் படித்த என் சித்தப்பா மகனைக் கேட்டேன். "நல்ல கேள்வி" என்றான். அவ்வளவுதான். மேலதிகாரி ஒருவரைக் கேட்டேன். "தேர்தல்தான் முடிஞ்சிடுச்சே" என்றார். கணவரைக் கேட்டேன். குழந்தை தூங்கிய பிறகு பேசலாம் என்றார். எங்கள் வீட்டில் குழந்தை தூங்கினால் அவரும் தூங்கிவிடுவார்.

இந்த மாதிரி அனுபவங்களை நம் ஆசிரியர் சங்க இதழில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் எழுதுவதுதான் வழக்கம். எனக்கு ஓய்வுபெற இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. ஆனால் அடுத்து வரும் உள்ளாட்சித் தேர்தலுக்கு முதன்முறையாகப் பணிக்குப் போகப்போகும் புதிய ஆசிரியர்களான நீங்கள் சிலர், "நீங்கதான் போன முறை தலைமை அலுவலரா இருந்தீங்களே, எழுதுங்க" என்று விடாமல் கேட்டீர்கள். மறுத்தால் கர்வம் என்பீர்களோ, எழுதினால் அதிகப்பிரசங்கம் என்பீர்களோ என்று ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இயந்திரத்தை எப்படி இணைப்பது, முத்திரையை எங்கே வைப்பது என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. பயிற்சி வகுப்பில் அதைத் தூக்கம் வரும்வரை சொல்வார்கள். அங்கே சொல்லாத ஒன்று, நீங்கள் போகும் சாவடியின் வரலாறு. தொகுதியின் வரலாறு என்றால் யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்று போனில் வந்துவிடும். சாவடிக்கு என்று தனியாக ஒரு வரலாறு உண்டு. அது தெரியாமல் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே உதாரணம்.

குடியிருக்கும் தொகுதியிலும் வேலை பார்க்கும் தொகுதியிலும் நமக்குப் பணி போட மாட்டார்கள். எனக்கு வீடு மாதவரத்தில், பள்ளி ராயபுரத்தில். அதனால் திருவொற்றியூருக்கு வடக்கே, எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மாநகராட்சிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். சாலைக்கு மேற்கே கடைத்தெருவும் ஒரு பழைய கம்பெனிக் குடியிருப்பும். கிழக்கே கடலோரத்தில் மீனவர் குப்பம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து அந்த ஒரே சாவடி, சாலையின் மேற்கே.

காலையில் மாதிரி வாக்குப்பதிவு முடிந்து, உண்மையான வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முன் சிறிது நேரம் கிடைத்தது. கட்சி முகவர்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்திலிருந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் குப்பத்துக்காரர், கஜா. விசைப்படகில் டிரைவர். இன்னொருவர் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடத்துக்கு மேலாகியும் பேச்சு மாறாதவர்.

"மேடம், இந்த பூத்தோட கதை தெரியுமா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தார் கஜா.

அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். முன்பு குப்பத்துக்குள்ளேயே, வலை வைக்கும் கூடத்தில்தான் சாவடி இருந்தது. எல்லைகளைத் திருத்தி வரைந்தபோது குப்பம் பக்கத்துத் தொகுதியிலிருந்து பிரிந்து இந்தத் தொகுதியில் வந்து விழுந்தது. அதற்குப் பிறகு கடல் ஒரு தெருவை முழுசாக எடுத்துக்கொண்டது. வலைக்கூடத்தின் சுவரும் போயிற்று. சாவடியைச் சாலைக்கு இந்தப் பக்கம் மாற்றினார்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இடைவெளி இல்லாமல் நிற்கும் சாலை அது. கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு, பக்கத்துக் குப்பத்தோடு நின்றுவிட்டது. கோபத்தில் கறுப்புக்கொடி கட்டி, ஒரு தேர்தலில் குப்பம் மொத்தமும் ஓட்டுப் போடவில்லை. அடுத்த தேர்தலிலும் போடவில்லை.

"அப்பால இன்னா ஆச்சு? ஓட்டு போடாத குப்பத்துக்கு எவன் வருவான்? ஓட்டு கேக்க வர்ற ஆட்டோ கூட இதோ, அண்ணாச்சி கடையாண்ட வந்து யூ டர்ன் அடிச்சிக்கினு போய்டும்."

"டீ குடிக்க நிப்பாட்டுவான். அதுக்கும் என்னையவா குறை சொல்லுத?" என்றார் அண்ணாச்சி.

"உன்ன இன்னா நைனா சொல்லப்போறேன், நீ டீக்குத் துட்டு வாங்கிக்கினு தான குடுத்த."

இந்த முறை குப்பத்துப் பஞ்சாயத்து கூடிப் பேசி, எல்லோரும் ஓட்டுப் போட வேண்டும் என்று முடிவு செய்திருந்தது. யாருக்கு என்று சொல்லவில்லை. போட வேண்டும், அவ்வளவுதான். சாவடிவாரியாக எத்தனை பேர் போட்டார்கள் என்பது பிறகு வெளியே வரும் அல்லவா? "இத்தனை பேர் கீறோம், எங்க தெரு கடலுக்குப் போய்க்கினு கீதுன்னு அத்த வச்சிதான் மேடம் கேக்கணும்" என்றார் கஜா.

நம் சாவடியில் சத்தமில்லாமல் நாள் கழிந்தால் போதும் என்று மாதவரம் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டு வந்தவள் நான். ஒரு குப்பத்தின் பல வருடக் கோபத்தைக் கேட்டு வரவில்லை.

காலையில் ஆண்கள் வந்து போட்டுவிட்டுப் போனார்கள். பெண்கள் சமையலை முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு முன்னால் வந்தவர் கன்னியம்மா. ஐம்பது வயதிருக்கும். மீன் வியாபாரி. கையைத் தூக்கி ஒரு கன்டெய்னர் லாரியை நிறுத்தி, பின்னால் வந்த பெண்களை ஆட்டுமந்தையைக் கடத்துவது போலக் கடத்திக் கொண்டுவந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டு அவர் பின்னால் போய் நின்றுகொண்டார். வரிசை நீண்டது. பாதிப்பேர் போட்டிருப்பார்கள்.

அப்போது இயந்திரம் நின்றது.

ஏன் நின்றது என்று என்னைக் கேட்காதீர்கள். பிறகு வந்து பார்த்த பொறியாளருக்கே தெரியவில்லை. மாற்று இயந்திரம் கொண்டுவர வேண்டிய மண்டல அலுவலரின் வண்டி, அதே சாலையில், அதே லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. "பக்கத்துலதான் இருக்கேன்மா, வண்டி நகரலை" என்று ஒவ்வொரு முறையும் அதே வாக்கியம். வெயில் ஓட்டுக்கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. கன்னியம்மா ஒரு முறை வாசலில் தலையை நீட்டினார்.

"இன்னாமா, மெஷின் தூங்கிடுச்சா? எங்க குப்பத்துக்காரங்க வந்தா மட்டும் அதுக்கு மயக்கம் வந்துடுது பாரு."

வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிக்க வரவில்லை.

அந்த நேரத்தில் வரிசையில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. காசிமேட்டில் படகுகள் வந்து மீன் இறங்கிவிட்டதாகப் போன் வந்திருக்கிறது. ஏலத்துக்குப் போகாவிட்டால் மறுநாள் விற்க மீன் இல்லை. வியாபாரம் செய்யும் பெண்கள் ஆளுக்கு ஒன்றாக, கூடையையோ செருப்பையோ தாம் நின்ற இடத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோவில் காசிமேட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை அவர்கள் வரிசையை விட்டுப் போகவே இல்லை.

வடசென்னையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இது புரியும். குடத்தை வரிசையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம், வேலைக்குக் கூடப் போகலாம். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஜென்மப் பகையாளியின் குடமானாலும் யாரும் தொட மாட்டார்கள். தொட்டவர் அந்தத் தெருவில் பிறகு குடியிருக்க முடியாது. நான் மூலக்கொத்தளத்தில் வளர்ந்தவள். குடம் போட்டுவிட்டு டியூஷனுக்குப் போய் வந்தவள். அப்படியும் அன்று மாலை ஜன்னல் வழியாக அந்தக் கூடைகளைப் பார்த்தபோது, பாரத்தைக் கீழே வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். தேர்தல் பணி அட்டையைக் கழுத்தில் மாட்டியவுடன் மூளையில் பாதி எங்கே போகிறது என்று தெரியவில்லை.

ஒரு வழியாக இயந்திரம் வந்தது. வாக்குப்பதிவு தொடர்ந்தது. நின்றுபோன நேரத்துக்கு ஈடாகக் கூடுதல் நேரம் கிடையாது. இதை நீங்கள் மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள். இயந்திரம் எவ்வளவு நேரம் தூங்கினாலும் ஆறு மணி என்றால் ஆறு மணிதான். ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு மட்டும், கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்னால் வரை, நாம் கையெழுத்திட்ட சீட்டைக் கொடுக்க வேண்டும். சீட்டு உள்ளவர்கள் எத்தனை பேரானாலும், எவ்வளவு நேரமானாலும் போடலாம். மற்றவர்கள் போட முடியாது.

சீட்டுகளோடு வெளியே வந்தேன். பெண்கள் வரிசையின் கடைசியில் ஒரு பெண் நின்றாள். கொடுத்தேன். அவளுக்கு முன்னால் ஒரு கூடை. அதற்கு முன்னால் இன்னொரு கூடை. பிறகு ஒரு ஜோடி செருப்பு. பிறகு ஒரு பெண். பிறகு மறுபடியும் கூடைகள்.

"இதெல்லாம் யாருது?"

"அது கன்னிம்மா. அது அவ தங்கச்சி. செருப்பு மேரியோடது."

"கன்னியம்மா எங்கே?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கூடையைக் காட்டினாள். "தோ, நிக்கிது பாரும்மா."

அதற்குள் முகவர்கள் இருவரும் பின்னால் வந்துவிட்டார்கள்.

"கூடைக்கு ஓட்டு உண்டா மேடம்?" என்றார் அண்ணாச்சி. "ஆளு இருந்தாத்தான் சீட்டு. எனக்கும் அந்தப் பிள்ளைய எல்லாம் வேண்டியவதான், நாளைக்கு என் கடைக்குத்தான் வருவாவ. ஆனா நியாயத்தைச் சொல்லுதேன்."

"இன்னா நியாயம் நைனா? தண்ணி லாரிக்குக் கொடம் போட்டா நீயே எடுக்க மாட்ட. உன் கடைப்பையன் போட்ட கொடத்த எவனாவது தொட்டுக்கிறானா?"

"அது தண்ணி. இது ஓட்டுல்லா."

"தண்ணிக்கே நேர்மையா நிக்கிறவங்க ஓட்டுக்கு நிக்க மாட்டாங்களா?"

இரண்டும் சரியாக இருந்தது. அதுதான் என்னை எரிச்சலின் உச்சத்துக்குக் கொண்டுபோனது. ஒருவர் அயோக்கியராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

மண்டல அலுவலருக்குப் போன் செய்தேன். லைன் கிடைக்கவில்லை. மறுபடி செய்யும்போது கணவரின் அழைப்பு நடுவில் வந்தது. ஏதோ அவசரம் என்று பதறி எடுத்தேன். "பாப்பாவுக்கு மறுபடி லூஸ் மோஷன். அந்த ஓஆர்எஸ் பாக்கெட்டை எந்த டப்பாவுல வச்சே?" ஒன்றரை வயதுக் குழந்தையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது. "பருப்பு டப்பாவுக்குப் பின்னால" என்று நான் சொன்னதைக் கஜாவும் அண்ணாச்சியும் அமைதியாகக் கேட்டார்கள். பிறகு மண்டல அலுவலர் கிடைத்தார். "கையேட்டுல என்ன இருக்கோ அதைப் பண்ணுங்கம்மா. வீடியோ எடுத்து வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கையேட்டில் கூடையைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

நானே முடிவு செய்தேன். சீட்டு ஆளுக்குத்தான். கூடைகளைத் தாண்டித் தாண்டி, நின்றவர்களுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டே முன்னால் போனேன். காவலர் கேட்டைச் சாத்தினார்.

சாத்திய சத்தம் அடங்குவதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். லாரிகளுக்கு நடுவில் ஆட்டோ நின்றுபோனதால் இறங்கி ஓடி வந்திருக்கிறார்கள். புடவையெல்லாம் ஈரம். கன்னியம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாமா இது அநியாயம்! என் கூடை உள்ள கீது, நான் வெளிய கீறேன்?"

"ஆறு மணிக்கு நீங்க இங்கே இல்லையேம்மா."

"உன் மெஷின் கூடத்தான் இல்ல. அத்த ஒரு வார்த்த கேட்டியா நீ?"

கையில் மீதியிருந்த சீட்டுகளை மடித்துப் பையில் வைத்தேன்.

அவர்களோடு சேர்ந்து கம்பெனிக் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெரியவரும் கேட்டுக்கு வெளியே நின்றார். இயந்திரம் நின்றபோது மாத்திரை போட வீட்டுக்குப் போனவர். அவர் எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. கேட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். கூடைக்குச் சீட்டுக் கொடுத்திருந்தால் அவருக்கு நான் என்ன சொல்லியிருப்பேன்? என் முடிவுக்கு ஆதரவாக இதை அடிக்கடி எனக்கே சொல்லிக்கொள்கிறேன். சில இரவுகள் அது போதுமானதாக இருக்கிறது.

இதோடு முடியவில்லை. வரிசையின் கடைசியில் நின்ற பெண் வந்து, நான் கொடுத்த சீட்டை என் மேசையில் வைத்தாள். பின்னாலேயே இன்னொருத்தி வந்து வைத்தாள்.

"நாங்க போட்டா எல்லாரும் போடணும். அவங்களுக்கு இல்லன்னா எங்களுக்கும் வேணாம்."

சீட்டு வாங்கியவர்கள் எல்லோரும் திரும்பிப் போனால், வெளியே பார்ப்பவர்களுக்கு அது மூன்றாவது புறக்கணிப்பு. இந்த முறை அதற்குக் காரணம் கடலோ கல்லோ இல்லை, என் கையெழுத்து. போடுங்கள் என்று வற்புறுத்த எனக்கு உரிமை உண்டா? கெஞ்சலாமா? முகவர்கள் பேசினால் பிரச்சாரம் ஆகிவிடுமா? கஜா வாயைத் திறந்தார், நான் விரலைக் காட்டி அடக்கினேன். அண்ணாச்சி, "யம்மா, அப்படிச் செய்யாதிய" என்று மட்டும் முனகினார். அவரையும் அடக்கினேன்.

கேட்டுக்கு வெளியிலிருந்து கன்னியம்மாவின் குரல் வந்தது. அது வேறு குரல். ஏலத்தில் கத்துகிற குரலாக இருக்க வேண்டும்.

"ஏய், எவடி அது சீட்ட திருப்பிக் குடுக்கிறவ? எடுங்கடி கையில! நீங்களும் போடலன்னா நாளைக்கு இன்னா சொல்லுவான்? குப்பம் மறுபடியும் வரலன்னு சொல்லிட்டுப் போய்டுவான். எங்க ஓட்டு போனது போவட்டும், உங்களுது எண்ணிக்கைல ஏறணும். போங்கடி உள்ள!"

யாரும் அசையவில்லை.

"போறீங்களா, நான் கேட்டு ஏறிக் குதிச்சி வரட்டுமா?"

காவலர் பதறிப்போய்க் கேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். கடைசிப் பெண் தன் சீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கடைசி ஆள் போட்டுவிட்டு வெளியே வரும்வரை கன்னியம்மாவும் மற்ற பெண்களும் கேட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஐஸ் உருகி அவர்கள் வாங்கி வந்த மீன் மூட்டையிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கூடைகளை அண்ணாச்சியே தூக்கிக் கொண்டுபோய்க் கேட்டின் மேலாகக் கொடுத்தார்.

"எம் மேல வருத்தமா கன்னியம்மா?"

"நாளைக்குக் கடைல வச்சிப் பேசிக்கலாம் நைனா. இப்ப கூடைய புடி ஒயுங்கா, ஈச்சம்பட்டை கீறிடப்போவுது."

தலைமை அலுவலரின் நாட்குறிப்பில், ஆறு மணிக்குச் சீட்டுப் பெற்றவர்கள் எத்தனை என்று கேட்கும் கட்டம் உண்டு. பெறாமல் நின்றவர்கள் எத்தனை என்று கேட்கும் கட்டம் எதுவும் என் கண்ணில் படவில்லை. பக்கத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுதிவைத்தேன். அதை யாராவது படித்திருப்பார்கள் என்று நம்பவில்லை.

புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். முந்தின நாளே அந்த இடத்தில் தண்ணீருக்கு எப்படி வரிசை பிடிக்கிறார்கள் என்று கேளுங்கள். இயந்திரம் நின்றால் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். வெளியே போய், இடத்தை விட்டுப் போனால் இடம் போய்விடும் என்று உரக்கச் சொல்லுங்கள். ஒரு முறை சொன்னால் போதாது. நான் சொல்லியிருந்தால் அவர்கள் போகாமல் இருந்திருப்பார்களா? மறுநாள் வியாபாரத்தை விட்டிருப்பார்களா? அதுவும் தெரியவில்லை. ஆனால் தெரிந்துகொண்டு போயிருப்பார்கள்.

போன வாரம் மாலை பள்ளி விட்டு வெளியே வந்தேன். கேட்டருகே கன்னியம்மா. எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். "ராயபுரத்துல மீன் விக்கிறவளுக்கு டீச்சர கண்டுபுடிக்கத் தெரியாதா?" என்றார். குழந்தை எப்படி இருக்கிறது, வயிறு சரியாயிற்றா என்று விசாரித்தார். அன்று போனில் நான் பேசியதைக் கஜா ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

தூண்டில் வளைவுக்காகத் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கே இருந்த உதவியாளர் போனில் சாவடிக் கணக்கைப் பார்த்துவிட்டு, "உங்க பூத்துல லேடீஸ் ஓட்டு குறைஞ்சிருக்கே. மறுபடி பாதிப்பேர் புறக்கணிச்சிட்டு இப்ப கல்லு கேக்க வந்துட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"புறக்கணிக்கலன்னு நாங்க சொன்னா நம்ப மாட்டேங்கிறான்மா. நீ வந்து ஒரு வார்த்த சொல்லு. வந்தாங்க, மெஷின் நின்னுடுச்சி, நான்தான் வெளிய நிக்க வச்சேன்னு சொல்லு. வேற ஒன்னும் சொல்ல வேணாம். வர்ற மாசம் மொத திங்கக்கெயமை மறுபடி போறோம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசி. ஆனா வரலன்னா வரலன்னு முன்னாடியே சொல்லிடு. வருவன்னு நம்பிக்கினு போய் அங்க நிக்கக் கூடாது பாரு" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

எங்கள் தலைமையாசிரியை, அரசு ஊழியர் அரசியல்வாதியின் அலுவலகப் படி ஏறக் கூடாது என்கிறார். கணவர், குழந்தையைக் காட்டி, வேலை முக்கியம் என்கிறார். நடந்ததை நடந்தபடி சொல்வதில் என்ன தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றிய அடுத்த நிமிடமே, விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் என்ன செய்வது என்றும் தோன்றுகிறது. முன் அனுமதி கேட்கலாமா? கேட்டால் மறுத்துவிடுவார்களே. எழுதிக் கொடுத்தால் போதுமா, நேரில் போக வேண்டுமா? என் பெயர் வராமல் இதைச் சொல்ல ஏதாவது வழி இருக்கிறதா? அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்?

இதுவரை உங்களுக்கு ஆலோசனை சொன்னேன். இப்போது எனக்குத் தேவைப்படுகிறது. நம் சங்கத்தில் பல தேர்தல்களைப் பார்த்த மூத்தவர்கள் இருக்கிறீர்கள். இப்படி ஒரு அழைப்பு உங்களில் யாருக்காவது வந்ததா? போனீர்களா? போனபிறகு என்ன ஆயிற்று? இதழுக்கு எழுதினால் வந்து சேர நாளாகும், என் பள்ளி முகவரிக்கே எழுதுங்கள். முதல் திங்களுக்கு முன் எனக்குத் தெரிய வேண்டும். போவதில்லை என்று முடிவானால், அதை அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.